கிட்டங்கித் தெருவில் எண்கள் முளைத்த மாதம்

கிட்டங்கித் தெருவில் எண்கள் முளைத்தது மாசி மாதத்தின் இரண்டாவது வியாழக்கிழமை. காலையில் குழாயடிக்கு வந்த ஜெயக்கொடி, தன் குடத்தின் வயிற்றில் எறும்பு அளவுக்கு ஒரு பதினொன்று இருப்பதைப் பார்த்து, கடைக்காரன் விலைச்சீட்டைப் பிய்க்காமல் கொடுத்துவிட்டான் என்று நகத்தால் சுரண்டினாள், போகவில்லை. அப்புறம் குழாயில் ஒரு பத்தொன்பதும், சிந்திய தண்ணீரில் நெளிந்துகொண்டே ஒரு இரண்டும், எதிர்வீட்டு வேப்பமரத்தில் இலைக்கொன்றாக ஆயிரம் பதினாயிரம் ஒன்பதுகளும், அண்ணாந்து பார்த்தால் பருந்து வட்டமிடும் உயரத்துக்கும் மேலே தனியாக ஒரு மூன்றும் இருப்பதைக் கண்டாள். கண்டவள் குடத்தை நிரப்பி இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய், "என்னங்க, வெளியே எல்லாத்துலயும் நம்பர் போட்டிருக்கு" என்றாள். அவள் கணவர் ஞானகுரு அச்சகத்தில் கலருக்கு ஒன்றாக அச்சுப் பிளேட்டு போடுகிறவர், தெருச் சங்கத்துக்குத் தலைவர். பல் துலக்கிக்கொண்டே, "கரண்டுக்காரங்களா இருக்கும், மரம் வெட்ட வருவாங்க" என்றார்.

மத்தியானத்துக்குள் விஷயம் தெளிவாகிவிட்டது. கிழக்கே டிரான்ஸ்பார்மரிலிருந்து மேற்கே மாவு மில் வரைக்கும் அறுபத்துமூன்று வீடுகள், அவற்றின் சுவர்கள், கதவுகள், கொடியில் காயும் துணிகள், தின்பண்டங்கள், ஆடுகள், ஆட்டின் நாக்கு, எல்லாவற்றிலும் நிறத்துக்கு ஒன்றாக எண் இருந்தது. வெள்ளை எங்கே இருந்தாலும் ஒன்று. காக்கையும் கரிச்சட்டியும் முப்பத்தாறு. நிறங்கள் நிறங்களாகவே இருந்தன, ஒன்றும் குறையவில்லை. அவற்றின் நடுவில் பென்சிலால் எழுதியதுபோல எண் மட்டும் கூடியிருந்தது. டிரான்ஸ்பார்மரைத் தாண்டிப் போனால் சட்டையிலிருந்த எண் போய்விடும், திரும்பி வந்தால் வந்துவிடும். இரண்டு மூன்று பேர் போய்ப் போய் வந்து பார்த்தார்கள். அப்புறம் எல்லோருக்கும் வேலை இருந்தது, வேலைக்குப் போனார்கள்.

அன்று அந்தத் தெருவில் சந்தோஷத்தில் அழுதவர் ஒரே ஒருவர்தான். நாற்பத்தோராம் எண் வீட்டுத் தவசிலிங்கம்.

தவசிலிங்கம் காலண்டர் அச்சகத்தில் கட்டிங் மிஷின் ஓட்டுகிறவர். ஐந்நூறு தாளை அடுக்கி வைத்து மயிரிழை பிசகாமல் வெட்டுவார். ஊரில் அவர் கைக்கு மரியாதை உண்டு. ஆனால் அவர் கண்ணுக்குப் பிறந்ததிலிருந்து சிவப்பும் பச்சையும் ஒன்றுதான். நீலம் தெரியும், மஞ்சள் தெரியும், கறுப்பும் வெள்ளையும் மற்றவர்களைவிட நன்றாகவே தெரியும், ஆனால் பழுத்த தக்காளியும் பழுக்காத தக்காளியும் அவருக்கு ஒரே தக்காளி, அமுக்கிப் பார்த்துத்தான் வாங்குவார். பத்தொன்பது வயதில் ரயில்வே வேலைக்கு மதுரையில் கண் பரிசோதனை வைத்தார்கள். ஒரு புத்தகத்தைப் புரட்டிக் காட்டினார்கள், பக்கத்துக்குப் பக்கம் வட்டம் வட்டமாகப் புள்ளிகள், புள்ளிகளுக்குள் ஓர் எண் ஒளிந்திருக்கிறதாம், முன்னால் நின்ற பையன்கள் எல்லாம் பார்த்ததும் பதினாறு என்றார்கள், எழுபத்துமூன்று என்றார்கள், இவருக்குப் புள்ளிகள் மட்டும்தான் இருந்தன. திரும்பி வரும் பஸ்ஸில் அவருடைய அப்பா, "இதை யார்கிட்டயும் சொல்லிறாதே. வேலை போனது போகட்டும். தெரிஞ்சா பொண்ணு தரமாட்டான்" என்றார். அப்பா செத்துப்போனார். அந்த வாக்கு மட்டும் சாகவில்லை.

பெண் கொடுத்தார்கள். கொடுத்த பெண்ணோ தையல்காரி. சண்முகக்கனி வீட்டு முன்னறையில் மிஷின் போட்டு ஜாக்கெட் தைப்பவள். சுவர் முழுக்க நூல்கண்டுகள் நூற்றுக்கும் மேலே அடுக்கியிருப்பாள். சேலைக்கு ஒரு நூலிழை வித்தியாசமான துணியைக் கொண்டுவந்தால்கூட, "இது சேராது, போய் மாத்திட்டு வாங்க" என்று வாசலிலிருந்தே திருப்பி அனுப்பிவிடுவாள். புதுச் சேலை உடுத்தினால் முதலில் கணவர் முன்னால் வந்து நின்று, "எப்படி இருக்கு?" என்பாள். "உனக்கு எடுப்பா இருக்கு" என்பார். இருபத்தாறு வருடமாக அதே கேள்வி, அதே பதில். மனுஷர் அதிகம் பேசமாட்டார் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

போன ஐப்பசியில் தவசிலிங்கம் குளியலறையில் வழுக்கி விழுந்து கணுக்கால் எலும்பு முறிந்து, மாவுக்கட்டோடு இரண்டு மாதம் கட்டிலில் கிடக்க வேண்டியதாயிற்று. புனேயில் வேலை பார்க்கும் மகள் அருள்செல்வி அப்பாவுக்குப் பொழுது போகட்டும் என்று கூரியரில் ஒரு பெட்டி அனுப்பினாள். உள்ளே சுருட்டிய ஒரு கான்வாஸ் துணி, அதில் கோட்டுப் படம், படத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்துக் கட்டத்துக்கு ஓர் எண், மூடியில் எண் போட்ட குட்டிக் குட்டி வண்ண டப்பாக்கள், மூன்று தூரிகை. "ரொம்ப ஈசிப்பா. நம்பரைப் பாத்து அந்த டப்பாவைத் தொறந்து அந்தக் கட்டத்துல தடவுங்க. யோசிக்கவே வேண்டாம்" என்றாள் போனில். இதென்ன சின்னப் பிள்ளை விளையாட்டு என்று இரண்டு நாள் தொடாமல் வைத்திருந்தார். மூன்றாம் நாள் தொட்டார். தொட்டவர் சாப்பாட்டுக்குக்கூட நிமிரவில்லை. ஐம்பத்துமூன்று வருடம் ஒவ்வொரு பொருளும் அவரிடம் விடை தெரியாத கேள்வியாக வந்து நின்றிருந்தது. இங்கே யாரோ ஒரு புண்ணியவான் எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே விடை எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தான்.

படகுத்துறை ஒன்று போட்டார். மயில் போட்டார். மழையில் நனையும் ரயில் நிலையம், குதிரைகள், பூக்கடை என்று தை மாதத்துக்குள் ஒன்பது படம் முடித்தார். கனி அவற்றை முன்னறையில் வரிசையாக மாட்டினாள். அளவு கொடுக்க வந்த பெண்கள் டேப்புக்குக் கையைத் தூக்கியபடியே படங்களைப் பார்த்து, "அண்ணாச்சிக்கு இவ்வளவு கலர் ஞானம் இருக்குன்னு இத்தனை நாள் தெரியாமப் போச்சே மதினி" என்றார்கள். உள்ளறையில் அதைக் கேட்டுக்கொண்டிருந்த தவசிலிங்கத்துக்குச் சிரிப்பதா ஓடி ஒளிவதா என்று தெரியவில்லை.

பத்தாவது பெட்டியில் ஒரு கோளாறு. கான்வாஸில் எண்கள் இருந்தன, டப்பா மூடிகளில் இல்லை, ஒட்ட மறந்துவிட்டார்கள். இருபத்துநாலு டப்பாக்களையும் திறந்து வரிசையாக வைத்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இது என்ன கலர் என்று ஒரு வார்த்தை கனியிடம் கேட்டால் போதும், அந்த ஒரு வார்த்தையைத்தான் கேட்க முடியாது. இரண்டு நாள் அப்படியே போனது. மூன்றாம் நாள் எண்களை விட்டுவிட்டார். டப்பாக்களை இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு, அடர்ந்ததிலிருந்து வெளிறியதுக்கு, கனமான தாளிலிருந்து மெல்லிய தாளுக்கு அடுக்குவதுபோல அடுக்கினார். படத்தில் இருந்தது மரத்தடியில் ஒரு பசு. வெயில் அதன் முதுகில் எங்கே விழும், வயிற்றுக்கு அடியில் எங்கே மங்கும் என்று யோசித்து யோசித்து, இட்லித் தட்டின் குழிகளில் இதில் கொஞ்சம் அதில் கொஞ்சம் கலந்து, நிழலுக்கெல்லாம் தனக்கு நன்றாகத் தெரிந்த நீலத்தைத் தொட்டு, கட்டங்களின் கோட்டைத் தாண்டித் தாண்டித் தடவினார். பசுவுக்குத் தனியாக இருக்கிறதே என்று தோன்றி, படத்தில் இல்லாத ஒரு நாயை அதன் காலடியில் படுக்க வைத்தார். எண் சொல்லிப் போட்ட ஒன்பது படத்தில் வராத சந்தோஷம் இதில் வந்தது. முடித்த அன்று புதன்கிழமை.

கனி பார்த்தாள். சிவப்பு மரத்துக்கு அடியில் பச்சைப் பசு நின்றது.

"என்னங்க, இது வேணும்னே போட்டதா?"

"சும்மா. ஒரு மாத்தத்துக்கு."

அவள் சிரித்துக்கொண்டு, மாட்டாமல் மிஷினுக்குப் பின்னால் சாய்த்து வைத்தாள். மறுநாள் காலையில்தான் ஜெயக்கொடியின் குடத்தில் பதினொன்று இருந்தது. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா என்று அந்தத் தெருவில் யாரும் கேட்கவில்லை.

காலைத் தாங்கித் தாங்கி வாசலுக்கு வந்த தவசிலிங்கம் தன் வீட்டுச் செம்பருத்திச் செடியைப் பார்த்தார். ஒன்பது ஒன்பதாக நிறைந்திருந்த இலைகளுக்கு நடுவில் அங்கங்கே பதினாலு இருந்தது. எண்ணினார், பதினொரு பதினாலு. பதினொரு பூ. கிட்டத்தில் போய்க் கையால் தடவாமல், நின்ற இடத்திலிருந்தே செம்பருத்தி பூத்திருப்பதைப் பார்த்தது அவர் ஆயுளில் அதுதான் முதல் தடவை. வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்போது வெளியே வந்த கனியின் சேலையில் பதினாலும், கரையில் ஒன்பதும் இருந்தன. செடியும் அவளும் ஒரே மாதிரி உடுத்தியிருந்தார்கள்.

தெரு எண்களுக்குப் பழகிவிட்டது. காய் விற்கிற சொர்ணம் தக்காளியைப் பதினாலு, பதினேழு என்று பிரித்துக் கூறுகட்டி, "பதினாலு கிலோ இருபது, பதினேழு கிலோ பதினஞ்சு" என்று கூவ, எது நிறம் எது விலை என்று புரியாமல் முதல் இரண்டு நாள் சண்டை நடந்து, மூன்றாம் நாள் அவள் விலையை மட்டும் பாட்டாகப் பாட ஆரம்பித்தாள். கனியின் கடையில் பொருத்தம் பார்க்கிற வாக்குவாதமே இல்லாமல் போயிற்று. பெண்கள் சேலையின் எண்ணைப் படித்து, அதே எண் துணியை எடுத்து நீட்டினார்கள். கனிக்கு வேலை மிச்சம், ஆனால் வேலையில் ருசி போய்விட்டது என்றாள். அம்மன் கோயில் பூசாரி அம்மனின் பட்டில் எண் இருப்பதையும் முகத்தில் இல்லாததையும் பார்த்து யாரிடமும் சொல்லாமல் ஒரு சூடம் கூடுதலாக ஏற்றினார். தவசிலிங்கம் காலையும் மாலையும் தெருவில் நடந்தார். மருத்துவர் நடக்கச் சொன்னார் என்றார். அவர் ஒவ்வொரு கொடியின் கீழும் நின்று படித்தார், ஒவ்வொரு கூடையையும் எட்டிப் பார்த்தார், கிளி என்பது ஒன்பதுக்குள் அலகு மட்டும் பதினாலு என்று தெரிந்தபோது அந்தக் கிளிக்கூண்டின் முன்னால் அரைமணி நேரம் நின்றார்.

எண்கள் மனிதர்கள் மேலும் இருந்தன. அதில்தான் வினை வந்தது.

இருபத்தொன்பதாம் வீட்டு ரதிமீனா பி.காம் முடித்து ஆடிட்டர் அலுவலகத்துக்குப் போய்க்கொண்டிருந்தவள். அவளைப் பார்க்க அருப்புக்கோட்டையிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. பையனின் அம்மா காப்பியை வாங்கிக்கொண்டு, பெண்ணின் கையைப் பாசமாகப் பிடிப்பதுபோலப் பிடித்து, மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு, மணிக்கட்டில் இருந்ததைப் படித்தார். "இருபத்தாறு. எங்க பக்கத்துல இருபத்துமூணுக்கு மேல எடுக்கறதில்ல" என்றார், அரிசி ரகம் சொல்வதுபோல. ரதிமீனா கையை உருவிக்கொள்ளவில்லை. "அத்தை, உங்க கழுத்துல முப்பத்தொண்ணு போட்டிருக்கு. கண்ணாடி கொண்டு வரவா?" என்றாள். அப்போதே அவளுக்குக் கோபத்தில் ரத்தம் ஏறி மணிக்கட்டு எண் இருபத்தொன்றாக மாறியதை அந்த அம்மாளும் பார்த்தார், ஆனால் அதற்குள் காப்பி டம்ளர்கள் கீழே வைக்கப்பட்டுவிட்டன. வந்தவர்கள் போனபின், மனிதர்கள் மேல் இருக்கும் எண்ணை யாரும் படிக்கக் கூடாது என்று தெருப் பெண்கள் கூடிப் பேசி முடிவு செய்தார்கள். மீறிப் படித்தவர் வீட்டுக்கு ஒரு வாரம் யாரும் தோசை மாவு கடன் கொடுப்பதில்லை என்று ஏற்பாடு. அதற்கப்புறம் யாரும் படிக்கவில்லை.

அன்று சாயங்காலம் ரதிமீனா வாசற்படியில் உட்கார்ந்து தன் வீட்டு இரும்புக் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய அப்பா செத்துப்போவதற்கு முந்தைய மாதம் தன் கையால் வண்ணம் அடித்த கேட். "கடையில இதுக்கு லைட் வயலட்னு பேர் சொன்னாங்க. எனக்கு இது எப்பவும் நாவப்பழம் தின்ன நாக்கு" என்றாள், யாரிடமும் இல்லாமல். சொன்ன மாத்திரத்தில் கேட்டிலிருந்த எண் போய்விட்டது.

அப்படித்தான் அழிக்கும் வழி தெரியவந்தது. சிவப்பு, பச்சை என்று சும்மா சொன்னால் போகாது. சொல்கிறவர் அந்த நிறத்தைத் தான் பார்க்கிறபடி, தன் சொல்லால், உண்மையாகச் சொல்ல வேண்டும். அம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்கு ஒரு மாதம்தான் இருந்தது; ஊரெல்லாம் விருந்தாளிகள் வருவார்கள்; சம்பந்தம் பேச வருகிறவர்கள் கண்ணாடியோடு வருவார்கள். ஞானகுரு சங்கத்தைக் கூட்டி, தினம் சாயங்காலம் மூன்று நான்கு வீடாக, அந்தந்த வீட்டுக்காரர்களே தங்கள் வீட்டு நிறங்களை, ஆட்கள் மேல் இருப்பதையும் சேர்த்து, சொல்லி எண்களை அழித்துவிடுவது என்று தீர்மானம் போட்டார்.

அந்தச் சாயங்காலங்களைப்போல அந்தத் தெருவில் அதற்கு முன் இருந்ததில்லை. பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருபது வருடம் குடியிருந்தவர்கள், அடுத்தவர் கதவை எப்படிப் பார்க்கிறார் என்று அப்போதுதான் கேட்டார்கள். சொர்ணம் தன் முகப்புச் சுவரைக் காட்டி, "காய்ச்சல்ல கிடக்கிறப்போ பால் காச்சினா மேல ஏடு படியும்ல, அது" என்றாள். பூசாரி தன் வீட்டு நிலையை, "எண்ணெய் குடிச்ச விளக்குத் திரி" என்றார். ஜெயக்கொடி குடத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நான்கு தடவை தப்பாகச் சொல்லி, ஐந்தாம் தடவை, "எங்க அம்மா ஊருக்குப் போற பஸ்சு" என்று சொல்லி அழித்தாள். வானத்து மூன்றுக்கு ஆளுக்கொன்று சொல்லிப் பார்த்துத் தோற்று, கடைசியில் மாவு மில்காரர் மனைவி, "துவைச்சுத் துவைச்சு வெளுத்த யூனிபாரம்" என்றதும் அது போயிற்று. எல்லோரும் கைதட்டினார்கள்.

தவசிலிங்கம் கைதட்டவில்லை. ஒவ்வொரு சாயங்காலமும் அவர் உலகத்தில் மூன்று நான்கு வீடு பழையபடி மங்கிக்கொண்டு வந்தது. கிளியின் அலகு போயிற்று. சொர்ணத்தின் தக்காளிகள் மறுபடி ஒன்றாயின. படம் போடுகிற கைதான் சொல்ல வேண்டும் என்று கனி விட்டுவிட, அவருடைய முறை மூன்று தடவை வந்தது. கால் வலிக்கிறது என்றார், நாளைக்கு என்றார், மகள் வரட்டும் என்றார். தெருவில் நாற்பத்தோராம் வீடு மட்டும் எண்களோடு மிச்சம் நின்றது. பொங்கலுக்குப் பத்து நாள் இருக்கையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குத் தெருவே அவர் வாசலுக்கு வந்துவிட்டது.

"அண்ணாச்சி, பத்துப் படம் போட்ட கை. நீங்க சொல்றதைக் கேக்கத்தான் கடைசியா வச்சிருக்கோம்" என்றார் ஞானகுரு. "செம்பருத்தியில ஆரம்பிங்க."

தவசிலிங்கம் செடியைப் பார்த்தார்.

"எனக்குத் தெரியாதுப்பா."

"என்னது தெரியாது?"

"கலர். பூவுக்கும் இலைக்கும் வித்தியாசம் தெரியாது. பொறந்ததுலேர்ந்தே தெரியாது. படமெல்லாம் நம்பரைப் பாத்துப் போட்டது. இந்த நம்பர் இருக்கிற வரைக்கும்தான் எனக்குப் பூவு உண்டு. அதான் நாளைக்கு நாளைக்குன்னேன்."

கனி கழுத்தில் அளவு டேப்போடு கதவருகில் நின்றிருந்தாள். கணவரை ஒரு தடவை பார்த்தாள். உள்ளே போனாள். மிஷின் ஓடத் தொடங்கியது. அதில் துணி இல்லை என்பது சத்தத்திலேயே தெரிந்தது.

இரண்டு நாள் அவள் பேசவில்லை. தட்டு வைத்தாள், சோறு வைத்தாள், குழம்பு ஊற்றினாள், பேசவில்லை. தவசிலிங்கம் தட்டில் குனிந்து சாப்பிட்டுவிட்டு எழுந்தார். தெருவும் அவர்களைத் தொந்தரவு செய்யவில்லை. பூசாரி மட்டும் ஒரு தடவை வந்து விபூதி கொடுத்துவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள் காலையில் கனி மிஷினுக்குப் பின்னாலிருந்த பத்தாவது படத்தை எடுத்துக்கொண்டு ஞானகுரு வீட்டுக்குப் போனாள். "தம்பி, கலரை எல்லாம் எடுத்துட்டா இது எப்படி இருக்கும்? பாக்க முடியுமா?" என்றாள். ஞானகுரு படத்தைப் போனில் எடுத்து, வெறும் கறுப்பு வெள்ளையாக மாற்றி அவள் கையில் கொடுத்தார். கொடுத்தவர் திரும்ப வாங்கித் தானே ஒரு தடவை பார்த்தார். பசு எழுந்து நின்றது. அதன் முதுகில் பத்து மணி வெயில் விழுந்தது, வயிற்றுக்கு அடியில் நிழல் ஈரமாக இருந்தது, காலடியில் படுத்திருந்த நாய் அந்தப் பசுவைப் பத்து வருடமாகத் தெரிந்த நாயாக இருந்தது. "மதினி, முப்பது வருஷமா பிளேட்டு போடறேன். கறுப்பு பிளேட்டு இவ்வளவு சுத்தமா வந்து நான் பாத்ததில்ல. ஒரு இடத்துல கூட வெளிச்சம் தப்பல" என்றார்.

கனி திரும்பி வந்தபோது தவசிலிங்கம் செம்பருத்திக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"இருபத்தாறு வருஷம்" என்றாள் அவள். "ஒவ்வொரு சேலையையும் உடுத்திட்டு உங்க முன்னால வந்து நின்னேனே, அது என்ன நிக்கிற நிப்பு? சுவத்து முன்னால நின்னிருக்கலாம்."

அவர் வாளியைக் கீழே வைத்தார். "சேலை தெரியாது கனி. நீ நிக்கிறது தெரியும். எப்படி இருக்குன்னு கேக்கறப்போ தலையை இப்படி ஒரு பக்கமாச் சாய்ப்ப. நல்லாருக்குன்னு நீயே முடிவு பண்ணியிருந்தா கொஞ்சமாச் சாய்ப்ப, சந்தேகமா இருந்தா நெறையச் சாய்ப்ப. அதைப் பாத்துத்தான் சொல்லுவேன். ஒரு நாளும் பொய் சொல்லல."

"அதைச் சொல்லியிருக்கலாம்ல?"

"பயம்."

"இருபத்தாறு வருஷமாவா?"

"முதல் வருஷம் நீ போயிருவேன்னு பயம். அப்புறம், இவ்வளவு நாள் சொல்லலியேன்னு பயம். வருஷம் ஏற ஏற அதுவும் ஏறிட்டே போச்சு."

கனி அழுதாள், கோபத்தில் பாதியும் மற்றதில் பாதியுமாக. அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு, அவர் கையைப் பிடித்து இழுத்துச் செடிக்கு முன்னால் நிறுத்தினாள்.

"இந்தப் பூவு உங்களுக்கு எப்படித் தெரியுது? எனக்குச் சொல்லுங்க."

"அது கலரே இல்லம்மா."

"எதுவோ ஒண்ணாத் தெரியுதுல்ல? அதைச் சொல்லுங்க. என் கண்ணுக்கு வேண்டாம். உங்க கண்ணுக்கு."

இதை அவரிடம் யாரும் கேட்டதில்லை. மதுரையில்கூட இல்லாததைத்தான் கேட்டார்கள், இருப்பதைக் கேட்கவில்லை. தவசிலிங்கம் குனிந்து ஒரு பூவைப் பார்த்தார், அதன் பக்கத்து இலையைப் பார்த்தார், மறுபடி பூவைப் பார்த்தார். "கருப்பட்டி காச்சுவாங்கல்ல" என்று மெதுவாக ஆரம்பித்தார். "முதல்ல இளம்பாகா இருக்கும். வெளிச்சம் உள்ளே பூந்து வரும். அதுதான் இலை. இன்னும் கொஞ்ச நேரம் கிண்டினா முத்திப்போகும், வெளிச்சம் உள்ளே மாட்டிக்கிட்டு வெளிய வராது. அதுதான் பூவு. பாகு ஒண்ணுதான்."

செடியிலிருந்த ஒன்பதுகளும் பதினாலுகளும் ஒரே நேரத்தில் போய்விட்டன.

கனி கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தவசிலிங்கம் செடியையே பார்த்தார். எண் இல்லை, பூ எங்கே என்று தேட வேண்டியிருந்தது. ஆனால் தேடினால் கிடைத்தது, வெளிச்சம் மாட்டிக்கொண்ட இடங்களில் ஒன்று, இரண்டு, மூன்று என்று கிடைத்துக்கொண்டே வந்தது. ஐந்தாவதை அவர் காண்பதற்குள் ஜெயக்கொடி வந்துவிட்டாள், சொர்ணம் கூடையை இறக்கிவைத்தாள், ஆடிட்டர் அலுவலகத்துக்குக் கிளம்பிய ரதிமீனா ஸ்கூட்டியை நிறுத்தினாள். அன்று முழுக்கவும் மறுநாள் பாதியும் அவர் தன் வீட்டைச் சொன்னார். கதவு, ஜன்னல், கொடித்துணி, நூற்றுக்கும் மேற்பட்ட நூல்கண்டுகள் ஒவ்வொன்றாக. பாதிக் கண்டுகள் பாகில் ஏதோ ஒரு பதத்தில் இருந்தன, ஆனால் ஒன்றுக்குச் சொன்னதை அவர் இன்னொன்றுக்குச் சொல்லவில்லை. நீலங்கள் வந்தபோது அவர் குரல் உயர்ந்தது; தெருக்காரர்கள் ஒரு நீலம் பார்த்த இடத்தில் அவர் ஏழு நீலம் பிரித்துக் காட்ட, அவர்களும் உற்றுப் பார்த்து, ஆமாம் ஏழுதான் என்றார்கள். கடைசி எண் அழிந்தபோது கிட்டங்கித் தெரு மற்றத் தெருக்களைப்போல ஆகிவிட்டது.

பொங்கலுக்கு விருந்தாளிகள் வந்தார்கள், போனார்கள். அருள்செல்வி லீவு போட்டு வந்து, அப்பாவின் கண்ணைப் பற்றி அம்மா சொல்லக் கேட்டு, "நம்பரைப் பாத்து யோசிக்காமப் போடுங்கன்னு நான்தானே சொன்னேன்" என்று அழப்பார்த்தாள். இப்போதெல்லாம் அவள் அனுப்பும் பெட்டி வந்து இறங்கியதும் கனி முதல் வேலையாக டப்பா மூடிகளில் ஒட்டியிருக்கும் எண்களைப் பிய்த்துப் போடுகிறாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் தெருவில் ஏழெட்டுப் பேர் அந்த முன்னறையில் கூடி, ஆளுக்கொரு கான்வாஸும் இட்லித் தட்டுமாக உட்கார்ந்து, கோட்டைத் தாண்டித் தடவுகிறார்கள். ரதிமீனா போட்ட கடலில் நாவப்பழ அலை அடிக்கிறது. பூசாரி ஒரே ஒரு வாத்தை ஆறு மாதமாகப் போட்டுக்கொண்டிருக்கிறார்.

கடைவீதி ஜவுளிக்கடைக்காரர்களுக்கு முதலில் குழப்பமாகத்தான் இருந்தது. கிட்டங்கித் தெருப் பெண்கள் வந்து, "முத்தின பாகுல ஜாக்கெட் துணி ஒரு மீட்டர்" என்பார்கள். "அது என்ன கலர்மா, சிவப்பா பச்சையா?" என்று கேட்டால் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரிப்பார்கள். இப்போது பழகிவிட்டது. அந்தத் தெருக்காரர்கள் படியேறி வந்து பாகு என்று வாயெடுத்தாலே, கடைப்பையன்கள் ஒன்றும் கேட்காமல் மேல் தட்டிலிருந்து இரண்டு சுருள்களை இறக்கி, சிவப்பு ஒன்றும் பச்சை ஒன்றும், விளக்குக்கு நேராக விரித்துப் போட்டுவிட்டு, எதை வெட்டச் சொல்கிறார்கள் என்று கத்தரிக்கோலைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறார்கள்.